740 டிஎம்சியில் காவிரிக்கு எவ்வளவு?

குளித்தலைப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காவிரிக் கரையில் குப்பை அள்ளுகிறோம். போன ஆண்டு முந்நூறு மரக்கன்று நட்டோம். இதெல்லாம் செய்தால் காவிரி பிழைத்துவிடுமா? போதாது என்றால் வேறு என்ன செய்ய வேண்டும்?"

தம்பி, குப்பை அள்ளுவதை நிறுத்தாதீர்கள். பாலித்தீன் பையும் பழந்துணியும் ஆற்றில் கிடப்பதைவிடக் கரையேறுவது நல்லதுதான். ஆனால் நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன்: அதனால் மட்டும் காவிரி பிழைக்காது. கண்ணுக்குத் தெரியும் குப்பை இந்த ஆற்றின் நோயில் மிகச் சிறிய பகுதி. பெரிய நோய் தண்ணீரில் கரைந்திருக்கிறது, மணல் போன பள்ளங்களில் இருக்கிறது, தண்ணீரைப் பங்கு பிரித்த கணக்கேட்டிலும் இருக்கிறது. காவிரிப் படுகையில் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் தண்ணீர் பிடித்துச் சோதித்த வேலை என்னுடையது. அந்த அனுபவத்தில் எனக்கு முதலில் தோன்றுவது அந்தக் கணக்கேடுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காவிரி நடுவர் மன்றம் 1990இல் அமைந்தது, 2007 பிப்ரவரியில் இறுதித் தீர்ப்பு வந்தது. சராசரி ஆண்டில் படுகையில் கிடைப்பது 740 டிஎம்சி என்று வைத்துக்கொண்டு (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டிஎம்சியைக் குறைத்துக் கர்நாடகத்துக்குக் கூட்டியது. இதுவரைக்கும் டெல்டாவில் டீக்கடையில் உட்காரும் எவருக்கும் தெரியும். தெரியாதது இதற்கு அடுத்த வரி. நான்கு பங்கையும் கூட்டினால் 726 வரும். மீதி 14 டிஎம்சி எங்கே? 10 டிஎம்சி சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு, 4 டிஎம்சி தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது. ஆக, காவிரித் தண்ணீரில் காவிரிக்கென்று எழுதிவைத்த பங்கு பத்து டிஎம்சி. நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை.

நமக்கு எவ்வளவு என்று நூறாண்டுக்கு மேலாகச் சண்டை போட்டிருக்கிறோம். அந்தச் சண்டையை நான் குறை சொல்ல மாட்டேன். கடைமடையில் நாற்று காயும்போது தண்ணீர் கேட்காமல் என்ன செய்வது? ஆனால் ஆற்றுக்கு எவ்வளவு என்று எந்த மாநிலத்திலும் யாரும் ஊர்வலம் போனதில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: காவிரியைக் காப்பது என்றால் முதலில் ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தண்ணீரில் பங்கு, மணலில் பங்கு, கடல் வரைக்கும் போகும் வழியில் பங்கு. சாக்கடை, சாயக்கழிவு, மரம் நடுதல் எல்லாம் அதற்குப் பிறகு வரும் பேச்சு.

அந்தப் பத்து டிஎம்சியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய நீரை எல்லையில் பில்லிகுண்டுலுவில் அளக்கிறார்கள். மாதவாரி அட்டவணை உண்டு. 2007 தீர்ப்பில் ஆண்டுக்கு 192 டிஎம்சி, 2018க்குப் பிறகு 177.25. குறைத்தபோது ஜூன் முதல் ஜனவரி வரை ஒவ்வொரு மாத அளவையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்கள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே ஆகிய நான்கு மாதங்களுக்கு மாதம் 2.5 டிஎம்சி என்று இருந்ததை மட்டும் தொடவில்லை. நான்கையும் கூட்டினால் சரியாகப் பத்து. அதாவது கோடையில் ஆறு உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒதுக்கிய தண்ணீர் அது. நொடிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் சுமார் 960 கன அடி வரும். வெள்ள காலத்தில் இரண்டு லட்சம் கன அடியைத் தாண்டி ஓடும் ஆற்றுக்கு இது ஓர் ஓடைதான். ஆனால் அந்த ஓடை நான்கு மாதமும் அறுபடாமல் ஓடினால் ஆறு பிழைத்துக்கிடக்கும்.

ஓடுகிறதா? மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். மூடிய பிறகு அணையிலிருந்து வரும் அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள், 'குடிநீர்த் தேவைக்காக' என்றுதான் இருக்கும். ஆற்றின் தேவைக்காக என்று ஒரு நாளும் நான் படித்ததில்லை. அந்தக் குடிநீரும் வழியெங்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் எடுத்தது போகத்தான் கீழே வரும். உங்கள் ஊர்ப் பக்கத்தை அகண்ட காவிரி என்பார்கள். முசிறிக் கரையிலிருந்து பார்த்தால் குளித்தலைக் கோபுரம் தூரத்தில் தெரியும், நடுவில் மணல்வெளி. சித்திரையில் அந்த வெளியில் இறங்கி நடந்து பாருங்கள். எங்காவது ஒரு கோடு தண்ணீர் நெளிந்து போகும். அதில் எது அணையிலிருந்து வந்தது, எது ஊர்ச் சாக்கடையிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இங்கேதான் சாக்கடை ஆபத்தாகிறது. ஆற்றுத் தண்ணீரில் உயிர்வளி கரைந்திருக்கும். நம் ஊர் வெப்பத்தில் லிட்டருக்கு ஏழு, ஏழரை மில்லிகிராம் வரைக்கும் கரையும். மீன் வாழ குறைந்தது நான்கு மில்லிகிராம் வேண்டும், குளிக்கத் தகுந்த நீர் என்று சொல்ல ஐந்து வேண்டும். சாக்கடையில் வரும் அழுகும் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்னும்போது இந்த உயிர்வளியைச் செலவழிக்கும். எவ்வளவு செலவாகும் என்பதை அளக்கும் சோதனைதான் பிஓடி. குளிக்கும் நீரில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஐப்பசியில் ஆறு நிறைய ஓடும்போது ஒரு சிறு நகரத்தின் கழிவு கலந்தாலும் ஆறு அதைக் கரைத்துச் செரித்துவிடும். அதே கழிவு பங்குனியில் வந்தால் செரிக்க ஆறு இருக்காது. கழிவின் அளவு மாறவில்லை, ஆறுதான் குறைந்தது. அதனால்தான் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதையும் ஆற்றில் நீர் ஓடுவதையும் தனித்தனிப் பேச்சாகப் பேசக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியல் போட்டது. அதில் தமிழ்நாட்டின் ஆறுகள் ஆறு. காவிரியில் மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரைக்கும் உள்ள நீளம் முதல் வரிசையில் இருந்தது, அதாவது மிக மோசமான வகையில். சேலத்துச் சாக்கடையைச் சுமந்து வரும் திருமணிமுத்தாறும், ஓமலூர், எடப்பாடி வழியாக வரும் சரபங்காவும் அதே வரிசையில். இரண்டும் காவிரியில்தான் கலக்கின்றன. கரையில் நின்று காவிரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நோயின் வேர் தெரியாது. கிளையாறும் ஓடையும் வாய்க்காலும்தான் வேர். மேலே போனால் பெங்களூரின் கழிவு விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் சேர்ந்து, மேகதாதுக்கு அருகே சங்கமத்தில் காவிரிக்கு வருகிறது. நகரங்கள் எடுக்கும் குடிநீரில் இருபது விழுக்காடுதான் செலவு, மீதி எண்பது ஆற்றுக்குத் திரும்பிவிடும் என்று நடுவர் மன்றம் கணக்கு வைத்தது. கணக்காக அது சரி. என்ன நிலையில் திரும்புகிறது என்று அந்தக் கணக்கில் ஒரு வரி இல்லை. ஆனால் பெங்களூரைச் சொல்லிவிட்டு ஈரோட்டையும் பள்ளிபாளையத்தையும் கரூரையும் திருச்சியையும் கும்பகோணத்தையும் விட்டுவிட்டால் நாம் யோக்கியர்கள் இல்லை. ஆயிரம் ஆண்டுப் பாசனக் கால்வாயான உய்யக்கொண்டான் திருச்சிக்குள் நுழையும்போது இருக்கும் நிறத்தையும் வெளியே போகும்போது இருக்கும் நிறத்தையும் ஒரே நாளில் பாருங்கள், போதும்.

தொழிற்சாலைக் கழிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காவிரிப் படுகையில் நாம் தோற்றதும் பாதி ஜெயித்ததும் நொய்யலில்தான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் சிறிய ஆறு. திருப்பூர் பனியன் தொழில் எழுந்த பிறகு சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் வந்தன. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், கொஞ்சநஞ்சம் அல்ல, மூட்டை மூட்டையாக. துணியில் சாயம் தங்கும், உப்பு அப்படியே கழிவில் போகும். ஆரம்பத்தில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை ஓரளவு எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. பார்க்கத் தெளிவாக இருக்கும், பயிருக்குப் போட்டால் நிலம் செத்துவிடும். கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்தக் காலத்தில் நாங்கள் பிடித்து வந்த மாதிரிகள் அதை எளிதாகத் தாண்டின.

சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1990களின் தொடக்கத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். பாசனத்துக்கு என்று கட்டிய அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறிப்போனது. தங்கள் நிலத்துக்கென்று கட்டிய அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அதை விடப் பெரிய சோகத்தை என் வேலையில் நான் பார்த்ததில்லை. கிணற்று நீரைச் செம்பில் கொண்டுவந்து கொடுத்து, "நாக்குல வச்சுப் பாருங்க சார்" என்று ஒரு பெரியம்மா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. குழாயடியில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது.

நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவு நீர் ஒரு சொட்டும் ஆற்றில் விழக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் சொன்னது. சொன்னபடி நடக்கவில்லை. 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் எதிர்ச் சவ்வூடுபரவல் (சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ முறை), ஆவியாக்கும் கலன்கள் எல்லாம் முழு வேகத்தில் வந்தன. கழிவிலிருந்து நல்ல நீரைப் பிரித்து மறுபடியும் சாயம் போடவும், உப்புக் கரைசலையே திரும்பப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டார்கள். முடியவே முடியாது என்று சொன்னது முடிந்தது. முடிய வைத்தது பிரச்சாரம் இல்லை. விவசாயிகளின் பிடிவாதம், கையில் இருந்த சோதனை அளவுகள், பின்வாங்காத நீதிமன்றம், இந்த மூன்றும்.

பாதி ஜெயித்தோம் என்று ஏன் சொன்னேன் என்றால், ஆவியாக்கிய பிறகு மிஞ்சும் கலப்பு உப்பும் சேறும் மூட்டைகளாகத் தேங்கி நிற்கின்றன. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிய உப்பு இறங்கியதுதான். இன்னொரு பக்கம் பவானி, பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று காவிரிக் கரையிலேயே அனுமதி இல்லாத சிறு பட்டறைகள் முளைக்கின்றன, இடிக்கிறார்கள், மறுபடி முளைக்கின்றன. ராத்திரியிலும் மழை நாளிலும் திறந்துவிடுவார்கள். பகல் பதினோரு மணிக்கு வந்து மாதிரி எடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது அகப்படாது. ஆற்றோரத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

மணலுக்கு வருகிறேன். கட்டடக்காரர் பார்வையில் மணல் ஒரு லோடு சரக்கு. ஆற்றின் பார்வையில் அது உடம்பு. மணலுக்கு நடுவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெற்றிடம் இருக்கும், அதில் தண்ணீர் தங்கும். மேலே வறண்டு கிடக்கும் ஆற்றில் நாலடி தோண்டினால் ஊற்று வருவது அதனால்தான். திருச்சிக்கும், திருச்சியைத் தாண்டி ராமநாதபுரம் வரைக்கும் போகும் குடிநீர் காவிரி, கொள்ளிட மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து எடுப்பதுதான். மணல் வடிகட்டித் தரும் நீர் அது. பத்தடி மணலை அள்ளிவிட்டால் வடிகட்டியையும் தொட்டியையும் ஒன்றாக எடுத்துவிட்டதாக அர்த்தம்.

இன்னொன்றும் நடக்கிறது. ஆற்றுப்படுகை தாழ்ந்துபோனால் வாய்க்காலின் தலைமதகு உயரத்தில் நின்றுவிடும். ஆற்றில் தண்ணீர் போகும், வாய்க்காலுக்குள் ஏறாது. முன்பு ஐயாயிரம் கன அடி வந்தால் பாய்ந்த வாய்க்காலுக்கு இப்போது அதைப் போல் எத்தனை மடங்கு வர வேண்டும் என்று உங்கள் ஊரில் தென்கரை வாய்க்கால் ஆயக்கட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு இது மனப்பாடம். பிறகு அந்தத் தண்ணீரை ஏற்றுவதற்காகக் கதவணை கட்டச் சொல்கிறோம். மணலை எடுத்து ஒரு முறை செலவு, மணல் இல்லாததால் இன்னொரு முறை செலவு. போன மணல் திரும்ப வருமா? மேலே அணைகள் மணலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மேட்டூர் 1934இல் முடிந்தது முதல் அதற்கு மேலிருந்து வரும் மணல் பெரும்பாலும் அணைக்குள்ளேயே படிகிறது. கீழே இருப்பது பழைய சேமிப்பு. வரவு இல்லாத சேமிப்பிலிருந்து லாரி லாரியாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) வந்த பிறகு ஆற்று மணல்தான் வேண்டும் என்பதற்குப் பெரிய நியாயம் இல்லை. ஆனால் அதற்காக மலையை உடைப்பது இன்னொரு கேடு, அதைத் தனியாகப் பேச வேண்டும்.

அடுத்து நான் மிகவும் கோபப்படும் ஒரு வாசகம். ஒவ்வொரு வெள்ளத்திலும் செய்தியில் வரும்: "கடலில் வீணாகக் கலக்கும் காவிரி நீர்." வீணா? கொள்ளிடம் கடலுக்குக் கொண்டுபோகும் நன்னீரும் வண்டலும் இல்லாவிட்டால் பிச்சாவரம் அலையாத்திக் காடு என்னவாகும்? கோரையாறும் பாமணியாறும் வற்றினால் முத்துப்பேட்டைக் காயலில் உப்பு ஏறும், அலையாத்தி மரங்கள் குட்டையாகும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது நன்னீரும் கடல் நீரும் கலக்கும் அந்த முகத்துவாரச் சேற்றில்தான். அங்கே வலை வீசுபவரும் காவிரிப் பாசனக்காரர்தான், அவருக்கு யாரும் டிஎம்சி ஒதுக்கவில்லை. ஆறு கடலைத் தள்ளவில்லை என்றால் கடல் ஆற்றைத் தள்ளும். கொள்ளிடத்தில் மணலும் போய் நீரோட்டமும் குறைந்த பிறகு உப்புநீர் உள்ளே ஏறி, கரையோர ஊர்களின் அடிபம்புகள் உவர்த்துவிட்டன. அதைத் தடுக்க ஆதனூர், குமாரமங்கலம் இடையே கதவணை கட்டினார்கள். அதற்கு மேல் உள்ள ஊர்களுக்கு அது உதவும். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆற்று நீர்தான் மருந்து. டெல்டா என்பதே ஆறு கொண்டுவந்து போட்ட மண். போடுவதை நிறுத்திவிட்டால் பூம்புகார் கரையைக் கடல் அரிப்பதற்கு ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

மரம் நட்டதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கே, என்ன மரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காவிரிக் கரையின் மரம் நீர்மருது. ஒகேனக்கல் பக்கம் வேரைப் பாறையில் கவ்வி வெள்ளத்தில் நிற்கும் நீர்மருதைப் பார்த்தால் கரை எப்படிக் காக்கப்படுகிறது என்று தெரியும். புங்கன், நாவல், இலுப்பை, கரைச் சரிவில் நாணல், இவை நல்லவை. நாணலைக் களை என்று வெட்டாதீர்கள், கரைந்து வரும் உரத்தை உறிஞ்சுவது அதுதான். ஆற்றுக்குள் மட்டும் நட வேண்டாம், அது வெள்ளத்தின் இடம். தண்ணீர் பிறக்கும் இடத்தில் கதை வேறு. நீலகிரியில் சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்துதான் பவானியையும் மோயாற்றையும் ஊட்டுகின்றன. அந்தப் புல்வெளியில் சீகையும் யூகலிப்டஸும் நட்டது தவறு என்று இப்போது வனத்துறையே அகற்றிவருகிறது. அங்கே மரம் நடாமல் இருப்பதும், நட்டதை எடுப்பதும்தான் ஆற்றுக்குச் செய்யும் தொண்டு. குடகில் காடு போன மலைச்சரிவுகள் 2018 மழையில் சரிந்ததையும் பார்த்தோம். காவிரிக்கு முக்கியமான மரம் புதிதாக நட்ட கன்று அல்ல, வெட்டாமல் விட்ட பழங்காடு.

ஆகாயத்தாமரையை அள்ளுவது பற்றியும் சிலர் கேட்பார்கள். அள்ளலாம், மறுபடி வரும். சாக்கடையின் சத்தைத் தின்று வளர்வது அது.

பார்க்க முடியாத இன்னொரு கூட்டமும் ஆற்றில் இருக்கிறது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில் காவிரி நீரில் வலி மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மாத்திரை இவற்றின் எச்சங்களும் பிளாஸ்டிக்கும் ஆர்செனிக், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களும் இருப்பதைக் காட்டினார்கள். சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் மருந்து எச்சத்தை முழுதாக எடுக்காது. இதற்கு இன்று ஊர் மட்டத்தில் செய்யக்கூடியது குறைவு, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

ஆற்றில் யார் வாழ்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பங்கு கேட்பது அவர்களுக்காகவும்தான். காவிரிப் படுகையில் மட்டுமே வாழும், திமில் போல் முதுகு உயர்ந்த ஒரு பெரிய மஹ்சீர் மீன் உண்டு. மற்ற ஆற்று மஹ்சீர்களை இங்கே கொண்டுவந்து விட்டதும் அணைகளும் மோசமான மீன்பிடியும் சேர்ந்து அது 2018இல் மிக அருகிய இனங்களின் பட்டியலில் ஏறியது. மோயாறு போன்ற சில இடங்களில்தான் இன்று மிஞ்சியிருக்கிறது. நீர்நாய்க் கூட்டம், முதலை, ஆற்று ஆமை ஆகியவற்றுக்காக 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். நல்ல காரியம். இவையெல்லாம் கோடையைக் கடப்பது ஆழமான மடுக்களில்தான். மடுவில் தண்ணீர் மாறிக்கொண்டே இருக்க அந்த 960 கன அடி வேண்டும்.

நிர்வாகத்தில் எது குறைகிறது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். 2018இல் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்தது. எவ்வளவு நீர் என்று பார்க்க ஆள் இருக்கிறது. எப்படிப்பட்ட நீர் என்று மேலிருந்து கடல் வரைக்கும் ஒரே கண்ணால் பார்க்க ஆள் இல்லை. இரண்டு மாநில வாரியங்களும் தத்தம் எல்லைக்குள் அளந்து தத்தம் கோப்பில் வைக்கின்றன. ஐரோப்பாவில் ரைன் ஆற்றுக்கு 1950லேயே கரை நாடுகள் சேர்ந்து ஓர் ஆணையம் வைத்துக்கொண்டன. 1986 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்து, அணைக்க ஊற்றிய நீரோடு பூச்சிக்கொல்லி ஆற்றில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. மறு ஆண்டே ஒரு திட்டம் போட்டார்கள். அதற்கு வைத்த இலக்கு எனக்குப் பிடிக்கும்: 2000ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீன் திரும்ப வர வேண்டும். மில்லிகிராம் கணக்கு எல்லாம் அதற்குக் கீழேதான். சால்மன் திரும்பியது, அணைகளில் அதற்கு ஏறுபாதையும் கட்டிக் கொடுத்தார்கள். நம் ஊரில் நடந்தாய் வாழி காவேரி என்று மேட்டூர் முதல் திருச்சி வரையில் கழிவுநீரைத் தடுக்கும் திட்டத்தை முதல் கட்டமாக எடுத்திருக்கிறார்கள். கட்டடங்கள் எழும். எந்த ஆண்டுக்குள் எந்தப் படித்துறையில் எந்த மீன் வர வேண்டும் என்று அதில் ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்தான்.

இப்போது உங்கள் குழு. குப்பைக்கு ஒரு ஞாயிறு என்றால் அளவுக்கு ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள். குளித்தலையில் ஆற்றிலும் தென்கரை வாய்க்காலிலும் வந்து விழும் சாக்கடை வாய்கள் எத்தனை என்று நடந்து எண்ணி வரைபடம் போடுங்கள். எனக்குத் தெரிந்து பல ஊர்களில் நகராட்சியிடம்கூட முழுப் பட்டியல் கிடையாது. அதில் இரண்டு வாய்களைத் தேர்ந்துகொண்டு, அவற்றுக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்று மாதந்தோறும் அளக்கலாம். கரைந்த உயிர்வளி, மொத்த உப்பு, காரகாடி நிலை (pH), வெப்பம், இந்த நான்கையும் கையடக்கக் கருவியால் அளக்க முடியும், கல்லூரி வேதியியல் துறையில் பெரும்பாலும் இருக்கும். பிஓடிக்கு மூன்று நாள் 27 டிகிரியில் வைக்க வேண்டும், உங்கள் பேராசிரியரைப் பிடியுங்கள். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரின் மாதாந்திரச் சோதனை முடிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி உங்கள் அளவோடு பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் சண்டைக்குப் போக வேண்டாம், சேர்ந்து மாதிரி எடுக்க அழையுங்கள். ஒரு முறை நான் பணியில் இருந்தபோது ஊர் இளைஞர்கள் இப்படிக் கூப்பிட்டு, எங்கள் மாதிரி எடுக்கும் இடமே தப்பு என்று காட்டினார்கள். அவர்கள் சொன்னது சரி, இடத்தை மாற்றினோம்.

மார்ச் 22 உலக நீர் நாளில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. சுற்றுக் கிராமங்களில் அந்தக் கூட்டத்துக்கு உங்கள் அளவுகளோடு போங்கள். ஆற்றுக்கென்று ஒதுக்கிய நான்கு மாதங்களின் நடுவில் வரும் நாள் அது. பிப்ரவரி முதல் மே வரை மாயனூர் கதவணைக்குக் கீழே குறைந்தபட்சம் இவ்வளவு நீர் ஓட வேண்டும், அதைக் குடிநீர்க் கணக்கில் சேர்க்காமல் தனியாக எழுதி வெளியிட வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஒரு கிராமம் போட்டால் செய்தி, கரை நெடுக நாற்பது கிராமம் போட்டால் ஆணையம் அதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

உயிர்வளியை மட்டும் மதியத்தில் அளக்காதீர்கள். வெயிலில் பாசி உயிர்வளியை வெளியிடும், செத்த தண்ணீர்கூட நல்ல தண்ணீர் போல எண் காட்டும். இரவெல்லாம் பாசியும் சுவாசித்து முடித்த பிறகு, விடியலுக்குச் சற்று முன்தான் அது மிகக் குறைவாக இருக்கும். மீன் சாவதும் அந்த நேரத்தில்தான். நாலரை மணிக்குப் படித்துறையில் இருங்கள், டார்ச் விளக்கும் நோட்டும் கொண்டுபோங்கள், எண்ணோடு தண்ணீரின் நிறத்தையும் வாடையையும் எழுதிவிடுங்கள். கழிவைத் திறந்துவிடுகிறவர்களும் அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.